பத்தியம் என்றால் பட்டினியல்ல

குமுளி மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் அமைந்திருக்கும் லோயர் கேம்ப் என்னும் சிற்றூருக்கு வருகிறவர் எவரும், மலைச்சரிவின்மீது இறங்கிவரும் நான்கு பிரம்மாண்டமான குழாய்களை ஒரு கணம் நின்று பாராமல் போவதில்லை. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை அணை கட்டித் தேக்கி, மலையின் வயிற்றைக் குடைந்து, கிழக்கே வறண்டு கிடந்த பூமிக்குத் திருப்பிவிட்ட அந்தப் பகீரதப் பிரயத்தனம் 1895 அக்டோபரில் நிறைவெய்தியது. அதனை முன்னின்று நடத்திய பென்னிகுயிக்குக்கு இவ்வூரிலேயே 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவருடைய படத்தைச் சுவாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருக்கும் இல்லங்களும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. ஆனால், மலையைக் குடைந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதை இவ்வூர்க்காரர்கள் நன்கறிவார்கள். வருகிற நீரை இத்தனை கனஅடி என்று அளந்து திறக்க வேண்டும். அக்குழாய்கள் வந்து சேரும் மின்நிலையம் ஓய்ந்திருக்கும் நாளில் நீரை இரைச்சல் பாலத்தின் வழியே மாற்றிவிட வேண்டும். வாய்க்கால்களில் அடைப்பு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் தவறினால், குடைந்தவருடைய மேதாவிலாசம் ஒரு மரக்கால் நெல்லைக்கூட விளைவிக்காது.

இது மனித தேகத்துக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும் என்பதை, அக்குழாய்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பாவைப் பார்த்தபோதுதான் அறிந்துகொண்டேன். ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலையேறும் ஜீப்புகளில் ஒன்றை முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். முதலில் இட்லி நெஞ்சில் நின்றது. பிறகு குழைந்த சோறு நின்றது. தண்ணீரே இறங்கத் தயங்கிய பிறகுதான் வைத்தியரிடம் போனார். உணவுக்குழாயில் புற்று என்றார்கள். மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, பின்னர் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை செய்தார்கள். அறுவை வெற்றி. வயிற்றில் செருகிய ஒரு மெல்லிய குழாயோடும், பை நிறையக் காகிதங்களோடும் அவர் வீடு திரும்பியபோது எடை 54 கிலோ. இரண்டு மாதம் கழித்து, கூடலூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் இருந்த எடை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தபோது 46. புற்று போய்விட்டிருந்தது, அதன் பின்னாலேயே மனிதரும் போய்க்கொண்டிருந்தார்.

எதை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதற்கு அந்தக் காகிதங்களில் ஆங்கிலத்தில் ஆறேழு வரிகள் இருந்தன. அவற்றைத் தவிர, வீடு திரும்புகிற அவசரத்தில் யாரோ சித்தியிடம் சொன்ன “லேசான ஆகாரமாக் குடுங்கம்மா” என்ற ஒரே ஒரு வாக்கியம். லேசான ஆகாரம் என்றால் நம்முடைய வீடுகளில் கஞ்சித் தண்ணீர் என்று அர்த்தம். சித்தி அதைத்தான் பயபக்தியோடு, வேளை தவறாமல், இரண்டு மாதம் கொடுத்துவந்தார்.

நோயுற்ற தேகத்தில் புதுப்பாதை அமைக்கும் அறுவை நிபுணர், மலையைக் குடைந்த அந்தப் பொறியாளருக்கு ஒப்பானவர்; அவருக்கு நாம் எவ்வளவு நன்றி செலுத்தினாலும் தகும். ஆனால், அப்பாதையின் வழியே ஜீவாதாரமான ஆகாரத்தை அளந்து, கிரமம் தவறாமல், மாதக்கணக்கில் செலுத்துகிற வேலை, ஓர் அடுப்படியில், பள்ளிக்கூடம் அதிகம் பார்த்திராத ஒரு பெண்மணியின் கையில் வந்து விழுகிறது. அந்த வேலையைச் சிகிச்சையின் அங்கமாக நாம் இதுவரை கருதவில்லை. அதற்கு வேண்டிய பயிற்சியையும், பொருளையும், ஆள்துணையையும் கொடுக்கவில்லை. இக்குறையை நீக்குவது சர்க்காருக்குப் பெரிய செலவுமல்ல, அசாத்தியமுமல்ல என்பதே என் அபிப்பிராயம்.

அறுவையில் நடப்பது இன்னதென்று சற்றே தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். உணவுக்குழாயின் பெரும்பகுதியை நீக்கியபின், பெரும்பாலும், இரைப்பையை நீளவாக்கில் கத்தரித்து, ஒரு குறுகிய குழாயாகத் தைத்து, மேலே இழுத்து, எஞ்சியிருக்கும் உணவுக்குழாயோடு மார்பிலோ கழுத்திலோ இணைக்கிறார்கள். ஆகவே, ஒரு வேளைச் சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஆற அமர அரைத்துக் கீழே அனுப்பிவந்த களஞ்சியம் வெறும் நடைபாதையாகிவிடுகிறது. உண்டது மேலே வராமல் காத்த வாசற்கதவு போய்விடுகிறது. இரைப்பையின் அசைவையும் ஜீரணத்தையும் ஏவிவந்த வேகஸ் நரம்பும் அறுபடுகிறது. நாலு கவளத்தில் வயிறு நிரம்பிவிட்டாற்போல் தோன்றுவதும், படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுவதும், பசி என்பதே மறந்துபோவதும் இதனால்தான். “சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிக்கிறார்” என்று வீட்டார் அங்கலாய்க்கும்போது, அந்தப் பழியை நோயாளியின் மனத்தின்மீது போடுவது அநியாயம்.

உணவுக்குழாய் அறுவையின் சரித்திரமே ஓர் ஆகாரப் பிரச்சினையின் சரித்திரம் எனலாம். 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிரான்ஸ் டோரெக் என்ற அறுவை நிபுணர், மார்பைத் திறந்து, உணவுக்குழாய்ப் புற்றை முதன்முதலாக வெற்றிகரமாக நீக்கினார். அறுந்த பாதையை உள்ளே இணைக்கும் வித்தை அப்போது கைவரவில்லை. ஆகவே அந்த நோயாளிக்கு, 67 வயதான ஒரு மாதுக்கு, கழுத்தில் ஒரு துவாரமும் வயிற்றில் ஒரு துவாரமும் வைத்து, இரண்டையும் தேகத்துக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார்கள். மென்று விழுங்கியது கழுத்தின் வழியே வெளியே வந்து, ரப்பர் குழாயில் இறங்கி, வயிற்றுக்குள் போயிற்று. அப்படி உண்டே அந்த அம்மையார் பத்து வருஷங்களுக்கு மேல் ஜீவித்திருந்தார். பிறகு 1946இல் ஐவர் லூயிஸ் என்ற வேல்ஸ் தேசத்து நிபுணர், இரைப்பையையே மார்புக்குள் இழுத்து இணைக்கும் முறையை விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அந்த முறையே இன்றைக்கும் உலகெங்கும் கையாளப்படுகிறது. டோரெக்கின் பெயரும் லூயிஸின் பெயரும் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டன. அந்த ரப்பர் குழாயை நாள்தோறும் கழுவி மாட்டியது யார் கை என்பதை நான் படித்த எந்த நூலும் சொல்லவில்லை.

எடை குறைந்தால் என்ன, புற்றுதான் போய்விட்டதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிளீவ்லண்ட் நகரத்து மருத்துவர் ஹிராம் ஸ்டட்லி 1936இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். வயிற்றுப்புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களில், அதற்கு முன்பே தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களிடையே நூற்றுக்கு 33 பேர் மாண்டார்கள். அவ்வாறு இழக்காதவர்களிடையே மாண்டவர்கள் நூற்றுக்கு 3.5 பேரே. உணவுக்குழாய்ப் புற்று வந்தவர், விழுங்க முடியாமையினால், அறுவை மேஜைக்கு வரும்போதே பாதி உருகித்தான் வருகிறார். அதன்பின் ஆறு மாதத்துக்குள், தம் எடையில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழப்பவர்கள் பாதிப்பேராவது இருப்பர் என்பதைப் பல தேசத்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உருகுவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் உருகும். தசை உருகினால் இருமிச் சளியை வெளியேற்றப் பலமிராது, புண் ஆறாது, எஞ்சிய மருந்துச் சிகிச்சையைத் தேகம் தாங்காது.

வீட்டில் ஊட்டுவதால் பிரயோஜனம் உண்டா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், உணவுக்குழாய் அல்லது இரைப்பை அறுவைக்குப் பின் ஆறு வாரம் வீட்டிலேயே சிறுகுடல் குழாய்வழி ஆகாரம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 4 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். அந்த 4 கிலோ பெரிய நிபுணரின் கத்தியால் வந்ததன்று. வீட்டுச் சுவரில் தொங்கிய பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

இனி அடுப்படிக் கணக்குக்கு வருவோம். இத்தகைய நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது வைத்திய உலகில் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 1,250 முதல் 1,500 கலோரி. புரதம் 60 முதல் 75 கிராம். சித்தி ஒரு தம்ளர் கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி போடுவார். ஏறத்தாழ 30 கிராம். அதில் 100 கலோரிக்குச் சற்று மேல், புரதம் 2 கிராமுக்குச் சற்று மேல். ஒரு நாளில் ஆறு தம்ளர் குடித்தாலும், 600 கலோரிக்குச் சற்று மேல். புரதமோ 13 கிராம். வீட்டார் கண்ணுக்கு நோயாளி ஆறு வேளை சாப்பிடுகிறார். தேகத்தின் கணக்கில் அவர் அரைப்பட்டினி கிடக்கிறார்.

அதே தம்ளரில் இரண்டு தேக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒரு கை கொழுப்பு நீக்கிய பால்பொடி, ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து, கட்டியில்லாமல் காய்ச்சி வடிகட்டினால், கலோரி 250 ஆகிறது. புரதம் 10 கிராமைத் தாண்டுகிறது. பொட்டுக்கடலையும் பால்பொடியும் தலைக்கு 15 கிராம், எண்ணெய் 5 மில்லி என்று வைத்து நான் போட்ட கணக்கு இது. அதே ஆறு தம்ளர் இப்போது 1,500 கலோரியையும் 60 கிராம் புரதத்தையும் கொடுத்துவிடுகிறது. இது வாய்வழி உண்பவருக்கான ஓர் உதாரணமேயன்றி எல்லாருக்கும் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு ஆகாது. பால் ஒவ்வாதவருக்கு முட்டையின் வெள்ளைக்கருவோ, குழைய வேகவைத்த பாசிப்பருப்போ கைகொடுக்கும். எண்ணெய் செரியாதவருக்கு அதைக் குறைக்க வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம்: மாற்றத்துக்கு வேண்டியது பணத்தைக் காட்டிலும் அறிவு.

அந்த அறிவுக்குக் குறுக்கே நிற்பது பத்தியம் என்ற பழைய சொல்லுக்கு நாம் கொடுத்துவிட்ட புதிய அர்த்தம். பத்தியம் என்பது சம்ஸ்கிருதத்தில் பாதை என்னும் சொல்லோடு பிறந்த சொல். வியாதிக்கு இதமான ஆகாரம் என்பது அதன் பொருள். தவிர்க்க வேண்டியதற்கு அபத்தியம் என்று தனிப்பெயரே உண்டு. நாமோ இரண்டையும் ஒன்றாக்கி, பத்தியம் என்றால் விலக்குவது என்று ஆக்கிவிட்டோம். முட்டை கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு, மீன் கரப்பான், தயிர் சளி என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் இலையில் எஞ்சுவது வெறும் கஞ்சியும் உப்பும்தான். புண்ணை ஆற்றும் தசைக்குப் புரதமே கச்சாப்பொருள் என்றிருக்க, புண் ஆறுவதற்காகப் புரதத்தை நிறுத்துவது, சுவர் எழும்புவதற்காகச் செங்கல்லை நிறுத்துவதை ஒக்கும். பிரியத்தினால் செய்கிற காரியமாதலின் இதைக் கண்டிக்கவும் மனம் வருவதில்லை.

வயிற்றில் செருகிய குழாய் விஷயத்தில் நான் கண்ட ஒரு மாலைப்பொழுது இன்னும் கண்முன் நிற்கிறது. தினசரிக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே ஆகாரப் பையையும் தொங்கவிட்டு, அதன் கீழே கயிற்றுக்கட்டிலில் சித்தப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, துளிவேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள சிறு சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார் சித்தி.

“ஏப்பா, இது சொட்டுச் சொட்டா இறங்கி முடியுறதுக்குள்ள ராத்திரி ஆயிருது. ஊசியில உறிஞ்சி ஒரே அமுக்கா அமுக்கிவிட்டா என்ன? நேத்து அப்படித்தான் செஞ்சேன். விடிய விடிய வயித்தால போச்சு மனுசனுக்கு. எதனாலன்னுதான் தெரியல.”

அக்குழாய் போய்ச் சேரும் இடம் இரைப்பையன்று, சிறுகுடல். அங்கே சேமித்து வைக்க இடமில்லை. ஒரேயடியாகப் பாய்ந்தால் வயிற்றைப் பிசைந்து வெளியே தள்ளிவிடும் என்பதை எப்படிச் சொல்வதென்று யோசித்தவன், வாசல் வழியே தெரிந்த மலையைக் காட்டினேன்.

“சித்தி, மேல நிக்கிற தண்ணிய மதகத் தொறந்து ஒரேயடியா விட்டா வாய்க்கா தாங்குமா?”

“எப்படித் தாங்கும்? வயக்காட்டையெல்லாம் அரிச்சிட்டுல்ல போயிரும்” என்றவர், சற்று நேரம் பையையே பார்த்துவிட்டு, சக்கரத்தை மெல்லத் திருகித் துளியைக் குறைத்தார். அதன்பின் அந்த ஊசிக்குழலைக் குழாய் கழுவுவதற்கு மட்டுமே எடுத்தார்.

கழுவுவது என்றேன், பல குழாய்கள் பாழாவது அதைச் செய்யாமையினால்தான். ஆகாரம் கொடுக்குமுன்னும் பின்னும், மருந்து கொடுக்குமுன்னும் பின்னும், காய்ச்சி ஆறிய நீரை 30 மில்லி அளவு உள்ளே செலுத்தாவிட்டால், அந்த மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து அதில் விடுவது அடைப்பை விலை கொடுத்து வாங்குவதாகும்; நீர்மருந்தாகக் கிடைக்குமா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். வீட்டில் அரைத்த கூழைச் சிறுகுடல் குழாயில் விடலாமா என்பதையும் ஆஸ்பத்திரியின் உணவியலாளரைக் கேட்காமல் தீர்மானிக்கலாகாது. கரைத்து வைத்த ஆகாரம், அதிலும் சித்திரை வெயிலில், நான்கு மணி நேரத்துக்கு மேல் பையில் தொங்கலாகாது. ஆகாரம் இறங்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். குழாய் உருவி வந்துவிட்டால் தாமே திணிக்கவும் கூடாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடவும் கூடாது. சில மணி நேரத்திலேயே அந்தத் துவாரம் மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். நெடுநாள் உண்ணாதிருந்தவருக்கு முதல் நாளே முழு அளவையும் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இருதயம் தடுமாறக்கூடும்; ஆதலால் முதல் சில நாட்கள் வைத்தியர் கண்காணிப்பில் படிப்படியாகவே ஏற்ற வேண்டும்.

வாய்வழி உண்ணத் தொடங்கியபின் வேறொரு சோதனை வருகிறது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் வெறுங்கையோடு வருவதில்லை. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. சித்தப்பாவைப் பார்க்க வந்தவர்கள் பையில் அதுவே இருந்தது. சாறு பிழிந்து, சர்க்கரையும் போட்டு, ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தார்கள். அரை மணிக்குள் தேகமெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருண்டு அவர் சாய்ந்துவிட்டார். கண்ணேறு என்று முடிவுகட்டி, மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். அது கண்ணேறு அன்று. இனிப்பான நீர், தடுத்து நிறுத்த இரைப்பை இல்லாமையினால், சிறுகுடலில் மடமடவென்று கொட்டும்போது தேகம் படுகிற பாடு அது. உண்ட பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் ஒரு விதமாகவும், ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிவதால் வேறு விதமாகவும் அது வரும். குளுக்கோஸ் பொடியையும், சர்க்கரை கரைத்த பானங்களையும் “தெம்புக்கு” என்று கொடுக்கும் நம் வழக்கம் இவர்களுக்கு நேர்விரோதமாக முடிகிறது.

இதற்குப் பரிகாரம் சுலபம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு அல்லது எட்டாகப் பிரிக்க வேண்டும். நன்றாக மென்று, நிதானமாக உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீரைக் கலக்காமல், அரை மணி முன்னரோ பின்னரோ பருக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். படுக்கும்போது தலைப்பக்கம் உயர வேண்டும். சித்தப்பாவுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் இரண்டு செங்கல் வைத்தோம். காசு செலவில்லாத அந்த வைத்தியத்தினால் அவருடைய இரவு இருமல் பாதி அடங்கிற்று. ஒரு தடவை இறங்கிய இட்லி மறுபடியும் நிற்கத் தொடங்கினால், புற்று திரும்பிவிட்டது என்று அஞ்சி மறைக்கலாகாது. தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். அதை உள்நோக்கிக் கருவியின் துணையோடு விரித்துவிட முடியும். இரும்புச்சத்தும், பி12 ஜீவசத்தும் மாதங்கள் செல்லச் செல்லக் குறையக்கூடுமாதலால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இந்நோய் வரும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலையையும் மதுவையும் மாத்திரமின்றிப் பாக்கையும் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்திருக்கிறது. 65 டிகிரிக்கு மேற்பட்ட கொதிசூட்டில் பானங்களைப் பருகுவதும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகலாம் என்று 2016இல் அறிவித்தது. சின்னமனூர் வெற்றிலையில் குற்றமில்லை. அதனுள் மடித்து வைப்பதில்தான் குற்றம். மலைப்பனியில் ஆவி பறக்கும் தேநீரை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஜீப்பில் ஏறுகிறவர்கள், ஐந்து நிமிஷம் ஆறவிட்டுக் குடிக்கலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது என்ற கணக்கின் முன்னே, அந்த ஐந்து நிமிஷம் பெரிதன்று.

இனி, சர்க்காரின் கடமையைச் சொல்ல வேண்டும். பசி என்பது தனிமனிதரின் தலைவிதி என்று விட்டுவிடாத மரபு தமிழ்நாட்டினுடையது. காமராஜர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் ஒரே கொள்கையின் மூன்று படிகள். கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறோம். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறோம். காசநோயாளி உண்டால்தான் மருந்து வேலை செய்யும் என்பதை உணர்ந்து, மத்திய சர்க்கார் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கியிருக்கிறது. அதே நியாயம், விழுங்கும் பாதையையே இழந்துவிட்ட புற்றுநோயாளிக்கும் பொருந்தாதா? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு அறுவைக்குக் கைகொடுக்கிறது. வீடு வந்தபின் வாங்கவேண்டிய சத்துப்பொடியும், குழாய் கழுவும் ஊசிக்குழலும், பையும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கிறவரே படுத்துக்கொண்டிருக்கிறார்.

புதிய இலாகா ஒன்றும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. வலிதணிப்பும், உடற்பயிற்சிச் சிகிச்சையும், சிறுநீரக நோயாளிகளுக்கான பைகளும்கூட அத்திட்டத்தில் அடங்கும். வயிற்றறைச் சுத்திகரிப்புப் பையை வீட்டில் தரலாமென்றால், ஆகாரப் பையை ஏன் தரலாகாது? வேண்டியவை இவ்வளவே: அறுவை செய்த மருத்துவமனை, நோயாளியை அனுப்புமுன், ஊட்டப்போகிறவரையே இரண்டு தடவை செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்; படங்களோடு கூடிய தமிழ்க் குறிப்பைக் கையில் கொடுக்க வேண்டும்; நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அங்கிருந்து ஒருவர், முதல் மூன்று மாதம் வாரம் ஒரு தடவை, ஓர் எடை இயந்திரத்தோடு வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு கிலோ குறைந்தால் யாருக்குச் சொல்வது என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு சத்துப் பெட்டகம் தர வேண்டும். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணில் ஓர் உணவியலாளர் கிடைக்க வேண்டும். அடைத்துப்போன குழாயைச் சரிசெய்யக் கம்பம் அரசு மருத்துவமனையிலேயே வசதி வேண்டும். ஏனெனில் தேனி மருத்துவக் கல்லூரி லோயர் கேம்ப்பிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரையோ நூற்றுக்கு மேல்.

இத்தகையவர்கள் ஒரு தாலுகாவில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், அவர்களுக்காக இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். சிலரே என்பதனால்தான் செலவும் சொற்பம். லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த அறுவையின் பலனைச் சில ஆயிரம் ரூபாய்ப் பொட்டுக்கடலைக்கும் பால்பொடிக்கும் இழப்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் அழகல்ல. மலைச்சாலையில் சில கிலோமீட்டர் ஏறினால் வருகிற கேரளத்தில், 2008இலேயே வலிதணிப்புக்கென ஒரு கொள்கையை வகுத்து, ஊராட்சிகளின் துணையோடு நோயாளியின் கட்டில் வரைக்கும் ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். நம்மிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏலக்காயைக் கிராம் தப்பாமல் நிறுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், அவர்கள் கையில் ஓர் எடை இயந்திரம் கொடுப்பதுதான் பாக்கி.

சித்தப்பா பிழைத்தார். சித்தி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், ஞாயிறுதோறும் பென்சிலால் எழுதிய எண்கள் அரிசி டப்பாவுக்குள் இன்னும் இருக்கின்றன: 46, 46, 46.5, 47, 47, 48. கடைசித் தாளில் 51. எழுதச் சொல்லிக் கொடுத்தது நானல்ல. சர்க்கார் ஊழியர் எவரும் அல்லர். கோயம்புத்தூரில் நர்ஸாக வேலை பார்க்கும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்கு வந்தவள், திண்ணையில் சித்தப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, கஞ்சிக் கணக்கிலிருந்து குழாய் கழுவுவது வரைக்கும் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வீட்டுக்கும் அவள் லீவு போட்டுக்கொண்டு வருவாள் என்று ஓர் அரசாங்கம் காத்திருக்கலாகாது.